மாண்ட எலிகள் சொன்ன செய்தி: பம்பாய் பிளேக் காலம் நமக்குக் கற்றுத்தருவது என்ன?

இரவில் உறங்கச் செல்லுமுன் விளக்குகளை அணைத்துவிடுமாறும், பாத்திரங்களை மூடி வைக்குமாறும், தண்ணீர்த் துருத்தியின் வாயைக் கட்டிவிடுமாறும் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கட்டளையிட்டுள்ளார்கள். விளக்கை அணைக்கச் சொன்னதற்கு ஒரு காரணத்தையும் கூறினார்கள். எலி திரியை இழுத்துச் சென்று, உறங்கும் வீட்டாரோடு வீட்டையும் எரித்துவிடக்கூடும் என்பதே அது. இஹ்ராம் அணிந்த நிலையிலும் கொல்வதற்கு அனுமதிக்கப்பட்ட ஐந்து பிராணிகளுள் எலியும் ஒன்று. உறைந்த நெய்யில் எலி விழுந்து செத்தால் அதனையும் அதனைச் சுற்றியுள்ள நெய்யையும் எடுத்து எறிந்துவிட வேண்டும் என்ற தீர்ப்பும், வீட்டைச் சுற்றிவரும் பூனை அசுத்தமானதன்று என்ற விளக்கமும் ஹதீஸ் நூல்களில் உள்ளன.

இவற்றையெல்லாம் நாம் சிறு வயதிலேயே மதரஸாவில் கேட்டிருக்கிறோம். ஒரு வீட்டின் ஒழுங்குக்கான அறிவுரைகள் என்ற அளவில் அவற்றை மனத்தில் இருத்தியிருக்கிறோம். ஆனால் ஒரு மாநகரம் முழுவதும் தன் எலிகளைக் கவனிக்கத் தவறினால் என்ன நேரும் என்பதை வரலாறு மிகக் கடுமையான முறையில் காட்டியிருக்கிறது. அந்த வரலாற்றில் முஸ்லிம்களாகிய நமக்கும் பங்குண்டு. நம் முன்னோர்களுள் சிலர் உண்மையை முன்கூட்டியே கண்டார்கள். சிலர் அஞ்சி ஒளித்தார்கள். சிலர் அநீதியை எதிர்த்தார்கள். ஒருவர் தம் கையை நீட்டித் தடுப்பூசி போட்டுக்கொண்டு தம் மக்களுக்கு வழிகாட்டினார். இவர்கள் அனைவரிடமிருந்தும் நாம் கற்க வேண்டியது உண்டு.

இப்னு ஸீனாவும் ஜஹாங்கீரும் கண்டது

கி.பி. 980 முதல் 1037 வரை வாழ்ந்த இப்னு ஸீனா, கொள்ளைநோய் வருவதற்கு முன் தோன்றும் அறிகுறிகளைத் தம் மருத்துவப் பெருநூலான ‘அல்கானூன்’ என்பதில் குறிப்பிடுகிறார். எலிகளும் நிலத்தடியில் வாழும் ஏனைய பிராணிகளும் வளைகளை விட்டு வெளியே வருவதை அவற்றுள் ஒன்றாக எழுதினார். காரணம் அவருக்குத் தெரியாது. காற்றும் மண்ணும் கெட்டுப்போவதால் அவை வெளியேறுகின்றன என்று அக்கால மருத்துவம் கருதியது. காரணத்தில் பிழை இருந்தாலும் கண்ட காட்சியில் பிழையில்லை.

அறுநூறு ஆண்டுகள் கழித்து முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு வீட்டின் கதையைப் பதிந்து வைத்தார். 1619 வாக்கில் ஆக்ரா பகுதியில் கொள்ளைநோய் பரவியிருந்தது. காலஞ்சென்ற ஆஸஃப் கானின் மகள் அரசரிடம் நேரில் சொன்ன செய்தி அது. வீட்டு முற்றத்தில் ஓர் எலி குடிகாரனைப்போல் விழுவதும் எழுவதுமாகத் தள்ளாடியது. அதன் வாலைப் பிடித்துப் பூனைக்குப் போடுமாறு பணிப்பெண்ணிடம் சொன்னார்கள். பாய்ந்து கவ்விய பூனை உடனே அருவருத்து அதை விட்டுவிட்டது. பிறகு பூனை நோயுற்றுச் சாகும் நிலைக்குச் சென்று, சில நாள்களில் தேறியது. அடுத்துப் பணிப்பெண்ணுக்குக் காய்ச்சலும் நெறிக்கட்டியும் கண்டன. எட்டு ஒன்பது நாள்களுக்குள் அந்த ஒரு வீட்டில் 17 பேர் வஃபாத்தானார்கள்.

முதலில் எலி, அடுத்துப் பூனை, பின்னர் பணிப்பெண், இறுதியில் வீட்டார் என்ற வரிசையை ஓர் அரசர் தம் கைப்பட எழுதி வைத்துவிட்டார். அதன் பொருளை உலகம் விளங்கிக்கொள்ள மேலும் ஏறத்தாழ 280 ஆண்டுகள் ஆயின.

மாண்டவியின் தானியக் கிடங்குகள்

1896ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்டவி, தானிய மண்டிகளும் கிடங்குகளும் நெருக்கமான குடியிருப்புகளும் கலந்த பகுதி. ஒரே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மூட்டைகள் அடுக்கப்பட்டிருக்க, மேல்தளங்களில் காற்றோட்டமற்ற சிற்றறைகளில் குடும்பங்கள் வாழ்ந்தன. எலிகளுக்கு இதனினும் வசதியான இடம் வேறில்லை. கிடங்குகளில் எலிகள் கூட்டங்கூட்டமாகச் செத்துக் கிடந்ததைத் தொழிலாளர்கள் பார்த்தனர். கூட்டி அள்ளி வெளியே எறிந்தனர். பின்னர் மனிதர்களுக்குக் கடுங்காய்ச்சல் வரத் தொடங்கியது. தொடை இடுக்கிலும் அக்குளிலும் நெறி கட்டியது. அப்பகுதியில் மருத்துவம் செய்துவந்த டாக்டர் அகாசியோ வியேகாஸ் இது பிளேக் என்று துணிந்து அறிவித்தார்.

இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1894இல், ஹாங்காங்கில் அலெக்சாந்தர் யெர்சின் இந்நோயின் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். அங்கே செத்த எலிகளின் உடலிலும் அதே கிருமி இருப்பதையும் அவர் கண்டார். ஆகவே எலிக்கும் இந்நோய்க்கும் தொடர்புண்டு என்பது அறிஞர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் எலியிடமிருந்து மனிதனுக்கு அது எவ்வாறு தாவுகிறது என்பது மட்டும் விளங்கவில்லை. அந்த ஓர் இடைவெளியில்தான் இலட்சக்கணக்கான உயிர்கள் போயின.

அப்போது பம்பாயின் மக்கள்தொகை எட்டு இலட்சத்துக்குச் சற்று அதிகம். 1897 தொடக்கத்தில் அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் நகரைவிட்டு வெளியேறிவிட்டனர். ஆலைகள் நின்றன, கடைவீதிகள் வெறிச்சோடின. ஓடியவர்களின் மூட்டை முடிச்சுகளோடும் தானிய வண்டிகளோடும் நோயும் பயணம் செய்தது. பூனா, கராச்சி, பெங்களூர், பஞ்சாப் என்று பரவிய அந்நோய் அடுத்து வந்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்களைப் பலிகொண்டது.

எலியை விட்டு மனிதனைத் துரத்திய காலம்

நோய் அழுக்கிலிருந்தும் மனிதர்களிடமிருந்தும் பரவுகிறது என்றே அன்றைய ஆட்சியாளர்கள் நம்பினர். ஆகவே சாக்கடைகளில் கார்பாலிக் அமிலம் கலந்த நீரைப் பாய்ச்சினார்கள். அதனால் சாக்கடையில் இருந்த எலிகள் வீடுகளுக்குள் ஏறின என்று பின்னாளில் சுட்டிக்காட்டப்பட்டது. 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. வீடுகளைச் சோதனையிடவும், நோயாளி எனச் சந்தேகிக்கப்பட்டவரைப் பிரித்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும், உடைமைகளை எரிக்கவும், பயணிகளை நிறுத்தி உடலைச் சோதிக்கவும் அதிகாரிகளுக்கு எல்லையற்ற அதிகாரம் கிடைத்தது.

சோதனை என்றால் நெறிக்கட்டி இருக்கிறதா என்று அக்குளையும் தொடை இடுக்கையும் பார்ப்பது. அந்நிய ஆண்கள் வீட்டுக்குள் புகுந்து பெண்களை இவ்வாறு சோதிக்க முற்பட்டால் எந்தக் குடும்பம் பொறுக்கும்? பர்தா முறையைப் பேணி வாழ்ந்த குடும்பங்களுக்கு அது மரணத்தினும் கொடிதாக இருந்தது. மருத்துவமனைக்குச் சென்றவர் திரும்புவதில்லை என்ற பேச்சு நகரெங்கும் பரவியது. மய்யித்தைக் கூட அதிகாரி பார்வையிட்ட பின்னரே அடக்கம் செய்யலாம் என்ற நிலை ஏற்பட்டது. குளிப்பாட்டுதல், கஃபனிடுதல், ஜனாஸா தொழுகை என்ற கடமைகள் முறையாக நிறைவேறுமா என்று மக்கள் கலங்கினர்.

பூனாவில் சோதனைக்குப் படைவீரர்களையே அனுப்பினார்கள். அங்கே பிளேக் அதிகாரியாக இருந்த வால்டர் ராண்டு 1897 ஜூன் 22 அன்று சுடப்பட்டார். பம்பாயில் 1898 மார்ச் 9 அன்று, மதன்புரா பகுதியில் வாழ்ந்த முஸ்லிம் நெசவாளர்களான ஜுலாஹாக்களின் வீடொன்றில் நோயுற்றிருந்த ஒரு சிறுமியைச் சோதிக்க முயன்றபோது கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின.

அதே காலத்தில் ஹஜ்ஜுப் பயணமும் தடைபட்டது. ஐரோப்பிய நாடுகள் 1897இல் வெனிஸ் நகரில் மாநாடு கூட்டி, இந்தியாவிலிருந்து பிளேக் தம் நாடுகளுக்கு வந்துவிடும் என்று அச்சம் தெரிவித்தன. அவ்வாண்டு பம்பாயிலிருந்து ஹாஜிகளின் கப்பல்கள் புறப்படத் தடை விதிக்கப்பட்டது. ஆயுள் முழுவதும் காசு சேர்த்து, குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். நம் காலத்தில் 2020ஆம் ஆண்டு அந்த வேதனையை நாமும் ஓரளவு சுவைத்தோம்.

இங்கே நாம் நடுநிலையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆட்சியாளர்களின் முறை கொடியது; மக்களின் கண்ணியத்தை மிதித்தது. அதற்கு எதிராக எழுந்த சினம் நியாயமானது. ஆனால் அந்தச் சினத்தின் விளைவாக நோயாளிகள் பெட்டிகளுக்குப் பின்னாலும் பரணிலும் ஒளித்து வைக்கப்பட்டனர்; இறப்புகள் மறைக்கப்பட்டன. எலி எங்கே செத்தது, மனிதன் எங்கே நோயுற்றான் என்ற உண்மைக் கணக்கு எவரிடமும் இல்லாமற் போயிற்று. நம்பிக்கை இல்லாத இடத்தில் செய்தி வராது. செய்தி வராத இடத்தில் நோயைத் தடுக்க இயலாது.

நீட்டிய ஒரு கை

அந்த நம்பிக்கையை மீட்க முயன்றவர்களும் இருந்தார்கள். ஒடெஸாவில் பிறந்த யூத விஞ்ஞானி வால்டிமார் ஹாஃப்கின் பம்பாய்க்கு வந்து, சில மாதங்களிலேயே பிளேக் தடுப்பூசியை உருவாக்கினார். 1897 ஜனவரி 10 அன்று முதலில் தமக்கே அதைச் செலுத்திக்கொண்டார். ஆயினும் மக்கள் அஞ்சினர். கோஜா இஸ்மாயிலிச் சமூகத்தின் தலைவரான மூன்றாம் ஆகா கான் அப்போது ஏறத்தாழ இருபது வயது இளைஞர். அவர் ஹாஃப்கினின் ஆய்வுக்குத் தம் மாளிகையையே இடமாகக் கொடுத்தார். தம் மக்கள் பார்க்கத் தாமே ஊசி போட்டுக்கொண்டார். அவரைப் பார்த்துப் பெருந்தொகையானோர் முன்வந்தனர்.

பின்னர் ஆட்சியாளர்களும் தம் பிழையை ஓரளவு உணர்ந்தனர். கட்டாயம் தளர்ந்தது. ஒவ்வொரு சமூகமும் தத்தம் வழக்கத்திற்கேற்ற மருத்துவமனைகளை நடத்திக்கொள்ள இடமளிக்கப்பட்டது. உணவு, தொழுகை, பெண்களுக்கான மறைவு ஆகியவற்றிற்கு இடமிருந்தபோது நோயாளிகளைக் கொண்டுவருவதில் தயக்கம் குறைந்தது. அதட்டலால் ஆகாதது அணுகுமுறையால் ஆயிற்று.

தெள்ளுப்பூச்சி என்னும் இடைத்தரகன்

இனி, விடுபட்டிருந்த அந்த இடைவெளிக்கு வருவோம். பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் பம்பாயிலும் கராச்சியிலும் பணியாற்றினார். அவர் ஒன்றைக் கவனித்தார். சற்று முன்னர் செத்த எலியைத் தொட்டவர்களுக்கு நோய் வந்தது. செத்து நெடுநேரமான எலியைத் தொட்டவர்களுக்கு வரவில்லை. சில நோயாளிகளின் உடலில் ஏதோ கடித்தாற்போன்ற சிறு கொப்புளம் இருந்தது. எலி செத்து உடல் குளிர்ந்ததும் அதனை விட்டு நீங்குவது எது? தெள்ளுப்பூச்சி!

1898 ஜூன் 2 அன்று கராச்சியில் அவர் ஒரு கண்ணாடிச் சாடிக்குள் நோயுற்ற எலியைத் தெள்ளுப்பூச்சிகளோடு இட்டார். அதன் அருகே, தொட முடியாதபடி கம்பிவலைக் கூண்டில் நலமான எலியை வைத்தார். முதல் எலி செத்தது. சில நாள்களில் இரண்டாவது எலியும் பிளேக் கண்டு செத்தது. தெள்ளுப்பூச்சி இல்லாத எலிகளை வைத்துச் செய்த சோதனையில் நோய் தாவவில்லை. இதனை அவர் வெளியிட்டபோது அறிஞர் உலகம் நம்பவில்லை. அரசு அமைத்த முதல் பிளேக் ஆணையமும் இதனைப் புறக்கணித்தது.

உண்மை நிலைபெற்றது பரேல் ஆய்வுக்கூடத்தில்தான். 1905 முதல் அங்கே பணியாற்றிய ஆய்வுக் குழுவினர் சிறு குடில்களைக் கட்டி விலங்குகளை வைத்துச் சோதித்தனர். தெள்ளுப்பூச்சி தாவும் உயரத்திற்கு மேல் தொங்கவிடப்பட்ட கூண்டிலிருந்த விலங்கு தப்பியது. தரையில் இருந்தது நோயுற்றது. சுற்றிலும் பசைத்தாள் விரித்து வைத்த கூண்டிலிருந்தது தப்பியது. பசைத்தாள் இல்லாதது நோயுற்றது. கடித்தலின் நுட்பமும் 1914இல் தெளிவாயிற்று. கிருமி தெள்ளுப்பூச்சியின் உணவுக்குழலை அடைத்துவிடுகிறது. உறிஞ்சிய இரத்தம் வயிற்றுக்குள் செல்லாததால் பசி தாளாத அப்பூச்சி மீண்டும் மீண்டும் கடிக்கிறது. கடிக்கும் ஒவ்வொரு முறையும் கிருமியைக் கக்குகிறது. எலி இறந்தால் அது அடுத்த எலியைத் தேடும். எலிகள் தீர்ந்தால் மனிதனைத் தேடும்.

எலிகளுக்கு ஒரு கணக்குப் புத்தகம்

இக்குழுவினர் செய்த இன்னொரு பணி நம் கட்டுரைக்கு மிக இன்றியமையாதது. பம்பாயில் பிடிபட்ட எலிகளும் செத்துக் கிடந்த எலிகளும் எந்த வீதியில், எந்தக் கட்டடத்தில் கிடைத்தன என்ற குறிப்போடு நாள்தோறும் பரேலுக்கு வந்தன. ஓராண்டில் நூறாயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளை அறுத்துச் சோதித்துப் பதிந்தார்கள். எலிச் சாவும் மனிதச் சாவும் ஒரே வரைபடத்தில் அருகருகே வைக்கப்பட்டன.

அதில் வெளிப்பட்ட ஒழுங்கு வியப்பானது. முதலில் சாக்கடையிலும் நிலத்தடியிலும் வாழும் பழுப்பு எலிகளிடையே நோய் ஏறுகிறது. சுமார் பத்து நாள் கழித்து, வீட்டுக் கூரையிலும் பரணிலும் வாழும் கறுப்பு எலிகளிடையே ஏறுகிறது. அதன்பின் பத்து முதல் பதினான்கு நாள்களில் மனிதர்கள் நோயுறத் தொடங்குகிறார்கள். அதாவது, எலிகளைக் கவனிக்கும் நகரத்துக்கு இரண்டு மூன்று வார கால அவகாசம் கிடைக்கிறது. கவனிக்காத நகரத்துக்கு அது கிடைப்பதில்லை. ஜஹாங்கீர் ஒரு வீட்டில் கண்ட வரிசையை இவர்கள் ஒரு மாநகரத்தில் எண்ணிக்கையோடு நிறுவினார்கள்.

இதிலிருந்து இரு பாடங்கள் பிறந்தன. நோய் பரவியுள்ள காலத்தில் எலிகளை மட்டும் கண்மூடிக் கொல்லக்கூடாது என்பது முதற்பாடம். எலி செத்தால் தெள்ளுப்பூச்சி மனிதனிடம் வரும். ஆகவே முதலில் பூச்சியை ஒழித்து, அதன்பின் எலியை ஒழிக்க வேண்டும். கொல்வதால் மட்டும் எலி குறையாது என்பது இரண்டாவது. எலி மூன்று வாரத்தில் ஈனும். குட்டிகள் இரண்டு மூன்று மாதங்களில் தாமே ஈனத் தொடங்கும். 1902இல் வியத்நாமின் ஹனாய் நகரில் பிரெஞ்சு ஆட்சியாளர்கள் எலி வாலுக்குப் பரிசு அறிவித்தார்கள். வாலை மட்டும் அறுத்துக்கொண்டு எலியை ஓடவிட்டவர்களும், பரிசுக்காக எலி வளர்த்தவர்களும் அங்கே தோன்றினார்கள்! எலிக்கு உணவும் மறைவிடமும் இருக்கும்வரை எண்ணிக்கை குறையாது. பம்பாயில் நெருக்கமான குடியிருப்புகளை இடித்து, காற்றும் வெளிச்சமும் புகும் அகன்ற வீதிகளை அமைக்க 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை தோற்றுவிக்கப்பட்டது.

அந்தக் கண்காணிப்பு இன்றும் நின்றுவிடவில்லை. மும்பை மாநகராட்சியில் இரவில் கைவிளக்கும் தடியுமாகச் சந்துகளில் எலி வேட்டையாடும் பணியாளர்கள் உண்டு. ஓர் இரவில் ஒருவர் 30 எலிகளைக் கொல்ல வேண்டும் என்பது அவர்களுக்கு விதிக்கப்பட்ட அளவு. ஹாஃப்கினின் பெயரைத் தாங்கிய பரேல் நிறுவனத்தில் பிளேக் உண்டா என்று எலிகள் சோதிக்கப்படுகின்றன. நாம் உறங்கும்போது நமக்காக விழித்திருப்போருள் இவர்களும் அடங்குவர். துஆவில் இவர்களை நினைப்பவர் எத்தனை பேர்?

சென்னை ஏன் தப்பியது?

தமிழகத்திலும் சேலம், கோயம்புத்தூர் போன்ற ஊர்கள் பிளேக்கால் துன்புற்றன. நோய் கண்ட ஊர்களிலிருந்து வருவோர் ‘பிளேக் பாஸ்போர்ட்’ என்னும் சீட்டு வைத்திருந்து, குறிப்பிட்ட நாள்கள்வரை அதிகாரியிடம் சென்று தம்மைக் காட்ட வேண்டியிருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்ட பின்னரே கடல் கடந்தனர். ஆனால் பெருந்துறைமுகமான சென்னை நகரில் மட்டும் பம்பாயைப்போல் நோய் கொழுந்துவிட்டு எரியவில்லை. ஏன்?

கொழும்பு நகரில் நுண்ணுயிர் ஆய்வாளராக இருந்த ஃபேபியன் ஹர்ஸ்ட் இதற்கு ஒரு விளக்கம் கண்டார். கொழும்பிலும் சென்னையிலும் எலிகளின் உடலிலிருந்த தெள்ளுப்பூச்சிகள் பம்பாய் வகையைச் சேர்ந்தவை அல்ல. ‘அஸ்டியா’ என்னும் வேறு வகை. அது பிளேக்கைப் பரப்புவதில் திறன் குறைந்தது. கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிற்றுயிரின் வகை வேறுபாட்டால் ஒரு மாநகரமே பெருமளவு தப்பியது! சென்னையில் வாழ்ந்தவர்கள் தாங்கள் எதனால் தப்பினோம் என்பதை அறியாமலே வாழ்ந்து மறைந்தார்கள். அல்லாஹ்வின் பாதுகாப்பு எத்தனை நுண்ணிய வாயில்கள் வழியாக நம்மை வந்தடைகிறது என்பதை எண்ணினால் உள்ளம் பணிகிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பை நாம் அலட்சியத்துக்கு உரிமமாகக் கொள்ளலாகாது. 1914இல் கொழும்புக்கும் பிளேக் வந்தே தீர்ந்தது.

ஓடுவதா, நிற்பதா?

1966க்குப் பின் இந்தியாவில் பிளேக் மறைந்துவிட்டது என்றே எண்ணப்பட்டது. பூச்சிமருந்தும் ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகளும் அந்த நம்பிக்கையை அளித்தன. எலிகளைக் கவனிக்கும் பணியும் பல இடங்களில் தளர்ந்தது. 1994 செப்டம்பரில் குஜராத்தின் சூரத் நகரில் நுரையீரல் பிளேக் என்ற செய்தி வெடித்தது. மழை வெள்ளம் வடிந்து, அள்ளப்படாத குப்பையும் செத்த கால்நடைகளும் கிடந்த நகரம் அது. சில நாள்களில் இலட்சக்கணக்கானோர் இரயிலிலும் பேருந்திலும் ஏறி ஓடினர். மருத்துவர்கள் பலரும் ஓடினர். வளைகுடா நாடுகள் சில இந்தியாவுக்கான விமானங்களை நிறுத்தின. அங்கே வேலைசெய்த நம் குடும்பத்தார் பலருக்கும் அந்த நாள்கள் நினைவிருக்கும். இறந்தோர் ஐம்பதுக்குச் சற்று மேற்பட்டோர். அச்சத்தால் விளைந்த சேதமோ அதனினும் பன்மடங்கு.

இவ்விடத்தில் நம் நினைவுக்கு வருவது ஹிஜ்ரி 18ஆம் ஆண்டின் அம்வாஸ் கொள்ளைநோய். ஷாம் நாட்டை நோக்கிப் புறப்பட்ட உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃக் என்னுமிடத்தை அடைந்தபோது நோய்ச் செய்தி கிடைத்தது. தோழர்களிடம் கலந்தாலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது இன்னொரு விதியின்பால் செல்வதாக உமர் (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள். அப்போது அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, தாம் கேட்ட நபிமொழியை அறிவித்தார்கள். ஓர் ஊரில் கொள்ளைநோய் இருப்பதாகக் கேள்விப்பட்டால் அங்கே செல்லக் கூடாது. நாம் இருக்கும் ஊரில் அது ஏற்பட்டால் அதற்கு அஞ்சி வெளியேறக் கூடாது என்பது அதன் கருத்து.

பம்பாயிலிருந்து ஓடிய இலட்சங்களோடு நோய் நாடெங்கும் பயணம் செய்ததை இந்த நபிமொழியோடு சேர்த்துப் பார்க்கும்போது அதன் ஆழம் விளங்குகிறது. தவக்குல் என்பது கையைக் கட்டிக்கொண்டிருப்பதன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். சூரத் நகரமும் பின்னர் ஒட்டகத்தைக் கட்டியது. 1995இல் மாநகராட்சி ஆணையராக வந்த எஸ்.ஆர். ராவ் நாள்தோறும் அதிகாரிகளை வீதிக்கு அனுப்பிக் குப்பையை அள்ளச் செய்தார். இரண்டாண்டு கழிவதற்குள் இந்தியாவின் தூய்மையான நகரங்களுள் ஒன்றாக அது பேசப்பட்டது.

நம் மஹல்லாவில்

இன்று நம் ஊர்களில் பிளேக் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எலிக்காய்ச்சல் இருக்கிறது. நோயுற்ற எலியின் சிறுநீர் கலந்த நீரில் இதன் கிருமி உயிரோடிருக்கும். வெறுங்காலில் அந்நீரில் நடப்போரின் காயங்கள், வெடிப்புகள் வழியாக உடலுக்குள் புகும். 2005இல் மும்பையை மூழ்கடித்த வெள்ளத்திற்குப் பின் இந்நோய் பரவியது. சென்னையும் இதற்கு விலக்கன்று. வெள்ளநீரில் நடந்த சில நாள்களுக்குப் பின் கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல், மஞ்சள் நிறம் ஆகியவை கண்டால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தண்ணீரில் நடந்ததையும் மறவாமல் சொல்ல வேண்டும். காலத்தே கண்டுகொண்டால் எளிதில் குணமாகும் நோய் இது.

ஒவ்வொரு மஹல்லாவும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில உண்டு. பக்ரீத் நாளில் குர்பானிக் கழிவுகளை எங்கே போடுகிறோம்? இறைவனுக்காக அறுத்த பிராணியின் குடலும் இரத்தமும் அண்டை வீட்டார் வாசலில் எலிகளுக்கு விருந்தாகக் கிடந்தால் அந்த அமல் எத்தகைய அமல்? வலீமா விருந்தில் மிஞ்சிய சோறு மண்டபத்தின் பின்புறம் எத்தனை நாள் கிடக்கிறது? நோன்புக் கஞ்சிக்கு வாங்கிய அரிசி மூட்டைகள் பள்ளிவாசலின் சரக்கறையில் தரையிலேயே, சுவரை ஒட்டியே கிடக்கின்றனவா, அல்லது பலகையின் மேல் சுவரை விட்டுத் தள்ளி அடுக்கப்பட்டுள்ளனவா? ஒளூச் செய்யும் இடத்தின் கழிவுநீர்க் குழாய்க்குக் கம்பிவலை உண்டா? கட்டைவிரல் நுழையும் ஓட்டை போதும், எலி உள்ளே வந்துவிடும்.

எலிப்பசையும் எலிமருந்தும் வாங்குவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். குழந்தைகள் எடுத்து உண்டு உயிரிழந்த வீடுகள் உண்டு. பொறி வைப்பதும், ஓட்டை அடைப்பதும், உணவை மூடுவதும் அவற்றினும் பாதுகாப்பான வழிகள். செத்த எலியை வெறுங்கையால் தொடலாகாது. மருந்து எதுவும் வைக்காத இடத்தில் எலிகள் தாமாகவே கூட்டமாகச் செத்துக் கிடந்தால் அதனை மறைக்காமல் சுகாதார ஆய்வாளரிடம் தெரிவிப்பது நம் கடமை. 1896இல் மாண்டவிக் கிடங்குகளில் அள்ளி எறியப்பட்ட எலிகளைப் பற்றி உரிய நேரத்தில் உரியவரிடம் ஒரு சொல் சென்றிருந்தால் என்று எண்ணிப் பாருங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் இதில் பங்குண்டு. சுகாதாரப் பணியாளர் வரும்போது, பெண்கள் இருக்கும் வீட்டுக்குப் பெண் பணியாளர் வர ஏற்பாடு செய்து, வீட்டாரின் அச்சத்தைப் போக்கி, உண்மையைச் சொல்ல வைப்பது ஓர் அமானிதம். கண்ணியமும் காக்கப்பட வேண்டும். உயிரும் காக்கப்பட வேண்டும். ஒன்றுக்காக மற்றதை விடும் நிலை நம் மக்களுக்கு மீண்டும் வரலாகாது.

இன்றிரவு உறங்கச் செல்லுமுன், பிஸ்மில்லாஹ் கூறிப் பாத்திரத்தை மூடும்போது, அந்தச் சிறு சுன்னத்துக்குள் ஒரு வீட்டின், ஒரு தெருவின், ஒரு நகரத்தின் நலம் அடங்கியிருப்பதை நினைவில் கொள்வோம். வல்ல அல்லாஹ் நம்மையும் நம் அண்டை அயலாரையும் எல்லாவிதக் கொள்ளைநோய்களிலிருந்தும் காத்தருள்வானாக. ஆமீன்.